மருத்துவத்துக்குக் கொடுத்தவர்கள்

சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனையை அறியாதவர் இல்லை. ஆனால், அந்தப் பெயருக்கு உரியவர் மருத்துவர் அல்லர். மலாக்காவிலிருந்து வந்து, காய்கறியும் பழமும் கோழியும் விற்று முன்னேறிய வணிகர் அவர். அக்காலத்தில் நோயுற்ற ஏழைகள் பலர் தெருவிலேயே கிடந்து இறந்தார்கள். அவர்களுக்காக ஒரு மருத்துவமனை கட்ட, 1844இல் அவர் 5,000 ஸ்பானிய வெள்ளி கொடுத்தார்.

பேர்ல்ஸ் ஹில் குன்றில் கட்டடம் எழுந்தது. எனினும், 1849இல்தான் நோயாளிகள் அங்கு மாற்றப்பட்டார்கள். கட்டடத்துக்கு ஒரு முறை பணம் கொடுத்தால் போதும். மருந்துக்கும் உணவுக்கும் பணியாளர் சம்பளத்துக்கும் மாதந்தோறும் பணம் வேண்டும். டான் டோக் செங் இறந்த பின் அவருடைய குடும்பத்தார் தொடர்ந்து உதவினார்கள். அந்த உதவி வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மருத்துவமனை இருந்தால் மட்டும் போதுமா? மருத்துவர்கள் வேண்டுமே! அந்தக் காலத்தில் இங்கு மருத்துவப் பள்ளி கிடையாது. 1904இல் டான் ஜியாக் கிம் என்ற வணிகரின் தலைமையில் சமூகத் தலைவர்கள் ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள். மக்கள் 71,000 வெள்ளி திரட்டித் தந்தால் பள்ளி தொடங்கலாம் என்றது அரசாங்கம். திரண்டதோ 87,000 வெள்ளிக்கும் மேல். அதில் டான் ஜியாக் கிம் மட்டும் 12,000 வெள்ளி கொடுத்தார்.

1905ஆம் ஆண்டு ஜூலை மாதம், முன்பு பெண்களுக்கான மனநல மருத்துவமனையாக இருந்த பழைய கட்டடத்தில், 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. 1910இல் முதன்முதலாகத் தேர்ச்சி பெற்று வெளிவந்தவர்கள் ஏழு பேர். கொடுத்த பணத்துக்கு ஏழே மருத்துவர்களா என்று யாரேனும் அன்று முணுமுணுத்திருக்கலாம். அந்தச் சிறு பள்ளிதான் இன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியாக வளர்ந்திருக்கிறது. 2005இல் யோங் லூ லின் அறக்கட்டளை 100 மில்லியன் வெள்ளி வழங்கியதால், அது இப்போது யோங் லூ லின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வளவு பெரிய தொகையை ஒரே ஆண்டில் செலவழித்துவிட மாட்டார்கள். பெரும்பாலும் அதை அறநிதியாக வைப்பார்கள். அதாவது, முதலைத் தொடாமல் முதலீடு செய்து, அதில் வரும் வருமானத்தை மட்டும் செலவிடுவார்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மில்லியன் வெள்ளி ஆண்டுக்கு 4 விழுக்காடு வருமானம் தந்தால், 40,000 வெள்ளி கிடைக்கும். அதைக் கொண்டு வசதி குறைந்த சில மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் கொடுக்கலாம். கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை நிற்காது.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பவர்களுக்குப் பொறுமை அதிகம் வேண்டும். பத்து ஆண்டுகள் ஆராய்ந்த பின், 'இந்த மருந்து பயன் தராது' என்று மட்டுமே தெரியவரலாம். அதுவும் ஒரு விடைதான். ஆனால், அதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது!

பணமே இல்லாதவரும் தரக்கூடிய கொடை ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவர்கள், தாம் இறந்த பிறகு தம் உடலை மருத்துவக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் வழங்குவதாக எழுதிக் கொடுக்கலாம். நரம்பு எங்கே செல்கிறது, இதயத்தின் சுவர் எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் படத்தில் பார்ப்பது வேறு, கையால் தொட்டு அறிவது வேறு. முதலாம் ஆண்டு மாணவர் செய்யும் தவற்றால் அங்கு யாருக்கும் வலிக்காது. இப்படி உடலைத் தந்தவர்களை மருத்துவ மாணவர்கள் 'மௌன ஆசான்கள்' என்று அழைக்கிறார்கள்.