சிறைக் கண்காணிப்பில் குடிமக்கள்: உறுப்பினர் நியமன முறைகள் - ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிறைகளை அரசு சாராத குடிமக்கள் பார்வையிட்டுக் கண்காணிக்கும் முறை பல நாடுகளில் சட்டத்தின் வழி நிலைபெற்றுள்ளது. அக்குழுக்களின் அதிகாரங்கள் குறித்து விரிவாகப் பேசப்படும் அளவிற்கு, அவற்றின் உறுப்பினர்கள் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றனர் என்பது பேசப்படுவதில்லை. இங்கிலாந்து, உருசியா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் நியமன முறைகளை ஒப்பிட்டு, கண்காணிப்பின் பயன் உறுப்பினர் தெரிவு முறையையே பெரிதும் சார்ந்துள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: சிறைக் கண்காணிப்பு, அலுவல்சாராப் பார்வையாளர், நியமன முறை, மனித உரிமை.

முன்னுரை

சிறை என்பது பொதுமக்களின் பார்வைக்கு மறைக்கப்பட்ட இடம். அங்கு நிகழும் கொடுமைக்குச் சாட்சியாக இருப்போர், கொடுமைக்கு உள்ளானவரும் அதைச் செய்தவருமே ஆவர். எனவே வெளியிலிருந்து வரும் ஒருவரின் கண்ணும் செவியும் அங்கே தேவைப்படுகின்றன. சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைக்கு 2002ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட விருப்ப நெறிமுறை இத்தேவையைப் பன்னாட்டுக் கடமையாக்கியது. அந்நெறிமுறை 2006ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இந்தியா மூல உடன்படிக்கையில் 1997ஆம் ஆண்டு கையொப்பமிட்டிருப்பினும் அதற்கு இன்னும் ஏற்புறுதி வழங்கவில்லை. ஆகவே இந்தியச் சிறைகளைப் பொறுத்தவரை உள்நாட்டுச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளுமே கண்காணிப்பிற்கு அடிப்படையாக உள்ளன.

இங்கிலாந்து: அமைச்சரின் நியமனம்

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒவ்வொரு சிறைக்கும் தனித்தனிக் கண்காணிப்புக் குழு உண்டு. 1952ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். முன்னர் 'பார்வையாளர் குழு' என வழங்கிய இவ்வமைப்பு, இன்று 'தற்சார்புக் கண்காணிப்புக் குழு' எனப்படுகிறது. பொது விளம்பரம் கண்டு விண்ணப்பிப்போரிடமிருந்து உறுப்பினர்கள் தெரிவு செய்யப்படுகின்றனர். நியமன ஆணையை அமைச்சர் வழங்குகிறார். உறுப்பினர்களுக்கு ஊதியம் இல்லை. சிறையின் எப்பகுதிக்கும் எந்நேரமும் செல்லவும், அலுவலர்களின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதவாறு சிறைவாசியுடன் உரையாடவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

இக்குழுவின் வரலாற்றில் ஒரு திருப்பம் கருதத்தக்கது. சிறை ஒழுங்கை மீறியோரை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் நெடுங்காலம் இக்குழுவிடமே இருந்தது. குறையைக் கேட்க வருபவரே தண்டனையும் வழங்குவாராயின், சிறைவாசி அவரிடம் மனம் திறந்து பேசுவது அரிது. 1991ஆம் ஆண்டின் ஊல்ஃப் அறிக்கையைத் தொடர்ந்து, 1992இல் அவ்வதிகாரம் விலக்கப்பட்டது.

உருசியா: ஒரே சட்டம், இரு விளைவுகள்

உருசியாவில் 2008ஆம் ஆண்டு சூன் மாதம் இயற்றப்பட்ட 76ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம், மாநிலந்தோறும் பொதுமக்கள் கண்காணிப்பு ஆணையங்களை ஏற்படுத்தியது. காவல் நிலையக் காவலறை முதல் தண்டனைச் சிறை வரை அனைத்தும் இவற்றின் பார்வைக்கு உட்பட்டவை. வேட்பாளர்களைப் பொதுநலச் சங்கங்களே முன்மொழிய வேண்டும். அச்சங்கங்கள் குறைந்தது ஐந்தாண்டுகள் செயல்பட்டிருக்க வேண்டும். உறுப்பினருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு அலுவலர்களும் வழக்குரைஞர்களும் உறுப்பினராக இயலாது. நியமிக்கும் பொறுப்பு அமைச்சகத்திற்கு வழங்கப்படாமல் 'குடிமை அவை'க்கு வழங்கப்பட்டது. எழுத்தளவில் நோக்கின், இம்முறை இங்கிலாந்தின் முறையைவிட ஆட்சியாளரிடமிருந்து விலகி நிற்பதாகவே தோன்றும்.

தொடக்க காலச் செயல்பாடு இத்தோற்றத்திற்கு வலுச்சேர்த்தது. 2009ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று செர்கெய் மக்னீத்ஸ்கி என்னும் வரி ஆலோசகர், ஏறத்தாழ ஓராண்டு விசாரணைக் காவலில் இருந்த நிலையில், மாசுக்கோச் சிறையில் உயிரிழந்தார். வலேரி போர்ஷ்சோவ் தலைமையிலான மாசுக்கோ ஆணையம் விசாரணை மேற்கொண்டு, அடுத்த மாதமே அறிக்கை வெளியிட்டது. உரிய மருத்துவம் மறுக்கப்பட்டதையும் அவர் வைக்கப்பட்டிருந்த நிலைமைகளின் கொடுமையையும் அது பதிவு செய்தது. அரசின் விளக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கிய முதன்மை ஆவணங்களுள் ஒன்றாக அவ்வறிக்கை விளங்கியது.

2016ஆம் ஆண்டுத் தெரிவில் நிலைமை மாறியது. நன்கறியப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் பலர் விடுபட்டனர். பாதுகாப்புத் துறைகளில் முன்பு பணியாற்றியோர் இடம்பெற்றனர். சட்டத்தின் நியமன விதிகளில் அப்போது அடிப்படை மாற்றம் நிகழ்ந்திருக்கவில்லை. மாறியவர்கள் உறுப்பினர்களே. சங்கங்கள் முன்மொழியலாம் என்ற விதி, அதிகாரத்திற்கு இணக்கமான சங்கங்களுக்கும் வாயிலைத் திறந்துவிட்டது. குடிமை அவையின் உறுப்பினர்களுள் ஒரு பகுதியினரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பதும், எவரை விலக்கினர், ஏன் விலக்கினர் என்பதற்குப் பொது விளக்கம் தேவைப்படாததும் இம்மாற்றத்தை எளிதாக்கின.

இந்தியா: ஏட்டளவில் குழு

இந்தியாவில் சிறைகள் மாநிலப் பட்டியலுக்கு உரியவை. சிறைப் பார்வையாளர்கள் பற்றிய ஏற்பாடு 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்திலிருந்தே தொடர்கிறது. 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு, மாவட்ட நீதிபதி முதலான அலுவல்வழி உறுப்பினர்களோடு, சட்டமன்ற உறுப்பினர் மூவர், மாநில மனித உரிமை ஆணையத்தின் பிரதிநிதி ஒருவர், சமூகப் பணியாளர் இருவர் ஆகியோரை அலுவல்சாரா உறுப்பினர்களாகப் பரிந்துரைக்கிறது. பெண்களின் இடமும் அதில் உறுதி செய்யப்பட்டுள்ளது. ஆயினும், சமூகப் பணியாளரைத் தெரிவு செய்ய இங்கிலாந்தைப் போன்ற பொது விளம்பர முறை வற்புறுத்தப்படவில்லை. குழுவை அமைப்பது மாநில அரசின் பொறுப்பாகும். சிறைத்துறையும் அதே அரசின் கீழேயே இயங்குகிறது.

உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் அளித்த தீர்ப்பில், அவ்வாண்டு நவம்பர் 30க்குள் பார்வையாளர் குழுக்களை அமைக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. நூற்றாண்டு கடந்த ஏற்பாட்டிற்கு இத்தகைய காலக்கெடு தேவைப்பட்டதே அதன் நடைமுறை நிலையைக் காட்டும். 2024 அக்டோபரில் வழங்கிய சுகன்யா சாந்தா வழக்குத் தீர்ப்பில், சிறைகளில் சாதிப் பாகுபாடு நிலவுகிறதா என ஆய்வு செய்யும் பொறுப்பை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கும் பார்வையாளர் குழுவிற்கும் கூட்டாக அளித்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சிறைவாசிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைப்பது பற்றிய செய்தியும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. துப்புரவுப் பணி யாருக்கு, சமையற்பணி யாருக்கு என்பதை நோக்கிக் கேள்வி எழுப்ப வேண்டியவர் யார் என்ற வினா இதனால் புதிய கூர்மை பெறுகிறது. பாகுபாட்டை இயல்பென ஏற்றுப் பழகிய ஒருவர் குழுவில் அமர்ந்தால், அவர் சிறையைச் சுற்றி வந்தும் எதையும் காணாது திரும்பக்கூடும்.

முடிவுரை

அமைச்சர் கையொப்பமிட்டால் தற்சார்பு கெடும் என்றோ, குடிமை அமைப்பு கையொப்பமிட்டால் தற்சார்பு காக்கப்படும் என்றோ கொள்வதற்கு இவ்வொப்பீடு இடந்தரவில்லை. எவரிடமிருந்து தெரிவு நிகழ்கிறது, அளவுகோல் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறதா, மறுக்கப்பட்டவர் காரணம் அறிய இயலுமா, இடங்கள் எவ்வளவு காலம் வெறுமையாக விடப்படுகின்றன என்பனவே தீர்மானமானவை. இந்தியச் சூழலில் பொது விளம்பரம், நீதித்துறை சார்ந்த தெரிவுக் குழு, தெரிவு முடிவுகளைக் காரணங்களுடன் வெளியிடல், காலியிடங்களை நிரப்பக் காலவரம்பு ஆகிய நான்கையும் மாநிலச் சிறை விதிகளில் சேர்ப்பது முதற்படியாக அமையும். ஒவ்வொரு மாநிலத்தின் நியமன ஆணைகளையும் பார்வையாளர் குறிப்பேடுகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழிப் பெற்று ஆராய்வது, இத்துறையில் அடுத்து நிகழ வேண்டிய ஆய்வாகும்.