ஊசி போடும் கைக்கும் பொறுப்பு உண்டு!

"டாக்டரய்யா, மருந்து எழுதினது பெரிய டாக்டரு, ஊசி போட்டது நர்ஸம்மா. ஏதாவது ஏடாகூடமாப் போச்சுன்னா யாரைக் கேக்கிறது?"

அவலூர்பேட்டையில் சித்த வைத்தியம் பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மூட்டுவலித் தைலம் வாங்க வருகிறவர்கள்கூட, செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ படுத்திருக்கும் சொந்தக்காரரை நினைத்துக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு சுப்ரீம் கோர்ட்டே பதில் சொல்லியிருக்கிறது.

டெல்லியில் நடந்தது

1993 டிசம்பர். டைஃபாய்டு காய்ச்சலுக்காக ஒரு சிறுவனை டெல்லி ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் போடச் சொன்னது குளோரம்ஃபெனிகால் ஊசி. நர்ஸ் வாங்கி வரச் சொன்னதோ 'லாரியாகோ', அதாவது மலேரியாவுக்கான குளோரோகுயின். அப்பா வாங்கி வந்தார். நரம்பில் ஊசி ஏறியதும், அம்மாவின் மடியிலேயே பிள்ளை சாய்ந்துவிட்டான். உயிர் தப்பியது, ஆனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுவிட்டது.

விசாரணையில், ஊசி போட்டவர் முறையான தகுதி இல்லாதவர் என்று தெரிந்தது. பிள்ளைக்கு 12.5 லட்சமும், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சமும் தர தேசிய நுகர்வோர் கமிஷன் உத்தரவிட்டது. 1998 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது.

இதில் மூன்று பாடங்கள் உண்டு. தப்பான மருந்தைப் போட்ட நர்ஸுக்குப் பொறுப்பு உண்டு. அந்த வேலையைத் தகுதியில்லாத கையில் விட்ட டாக்டருக்கும் உண்டு. அப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்த ஆஸ்பத்திரிக்கும் உண்டு. "அவங்கதான் செஞ்சாங்க" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிக்க முடியாது!

நர்ஸின் கடமைகள்

'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில், நோயாளி, வைத்தியர், மருந்து என்ற வரிசையில் பக்கத்திலிருந்து கவனிப்பவரையும் வள்ளுவர் சேர்த்திருக்கிறார். மருத்துவத்தில் நாலில் ஒரு பங்கு அவருடையது. நம் மாகாணத்தில் நர்ஸுகளைப் பதிவு செய்ய 1926லேயே சட்டம் வந்துவிட்டது. வெள்ளைப் புடவை கட்டியவரெல்லாம் நர்ஸ் ஆகிவிட முடியாது. படிப்பும் வேண்டும், கவுன்சில் பதிவும் வேண்டும்.

ஊசியோ மாத்திரையோ தரும் முன் ஐந்தைச் சரிபார்ப்பது நர்ஸ் படிப்பின் அரிச்சுவடி: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். டாக்டரின் கையெழுத்து புரியாவிட்டால் திரும்பக் கேட்க வேண்டும். அளவு அதிகமாகத் தெரிந்தால், "சார், இது சரிதானா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, கடமை. கொடுத்ததை உடனே சார்ட்டில் எழுத வேண்டும். நோயாளியின் அந்தரங்கத்தை வராந்தாவில் பேசக்கூடாது.

கடுமையான அஜாக்கிரதையால் உயிர் போனால் கிரிமினல் வழக்கும் வரலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவு, இதற்கு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற அலோபதி டாக்டருக்கு மட்டும் உச்சம் இரண்டு வருடம். சட்டத்தின் வாசகப்படி அந்தச் சலுகை நர்ஸுக்கு இல்லை; என்னைப் போன்ற சித்த வைத்தியருக்கும் இல்லை. சம்பளத்தில் குறைவு, தண்டனையில் அதிகம்! நர்ஸுகள் விழிப்பாக இருக்க இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* "இது என்ன மருந்துங்க சிஸ்டர்? எதுக்குங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

* முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், சேரும்போதே சொல்லி, எழுதச் சொல்லுங்கள்.

* வீட்டில் சாப்பிடும் சூரணம், கஷாயம், லேகியம் எதையும் மறைக்காதீர்கள். இன்சுலின் போடும் நோயாளிக்குச் சர்க்கரையைக் குறைக்கும் கஷாயத்தை ஃபிளாஸ்கில் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அப்போது நர்ஸைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

* சந்தேகம் வந்தால் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி.

* கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றால் இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். எல்லோருக்கும் முழு இலவசம் என்றால் அந்த வழி இல்லை; ஆனால் கோர்ட்டுக்குப் போகலாம்.

* கை நீட்டாதீர்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. நர்ஸும் அதில் அடக்கம்.

ஒரு வார்டு முழுக்க ஒரே நர்ஸ் ராத்திரி பூராவும் ஓடுவதையும் பார்க்கிறோம். அங்கே தவறு நேர்ந்தால், ஆள் போடாத நிர்வாகத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அதேபோல், உங்கள் கேள்விக்கு நின்று பதில் சொல்லி, சார்ட்டைப் பார்த்து ஊசி போடும் சிஸ்டருக்கு, டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்து அந்தக் கட்டிலில் படுப்பவருக்கு அது நல்லது.