.315 ஜெயித்த கதை

பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கி ரைஃபிள் வைத்திருக்கும் யாரிடமாவது என்ன ரைஃபிள் என்று கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் பெரும்பாலும் .315 என்றுதான் பதில் வரும். குண்டின் விட்டம் எட்டு மில்லிமீட்டர். துப்பாக்கி மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் பிறந்தது. தோட்டா புனே பக்கம் கட்கியில் செய்தது. பெரிய மிருகத்துக்கு எந்தத் தோட்டா உசத்தி என்று உலகத்து வேட்டைக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டுகிறார்கள். அந்த வாதத்தில் .315-இன் பெயரை எடுப்பவர் அபூர்வம். இங்கே மட்டும் அது எப்படி முதலிடம் பிடித்தது?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர்கள். மற்றவர்கள் சி.ஆர்.பி.எஃப்., குளோத்திங் ஃபேக்டரி. துப்பாக்கிப் பேச்சு வராமல் இருக்காது. "யானைன்னா அதுக்கேத்த பெரிய குண்டு வேணும்ணே" என்பார் ஒருவர். "இடம் பாத்து அடிச்சா சின்னதே போதும்" என்பார் முன்னாள் ஜவான். ஆப்பிரிக்கக் காட்டில் நடந்த பெரிய வழக்கின் இரண்டு கட்சிகளும் இவைதான். நான் பிறந்தது தேன்கனிக்கோட்டை, வேலை பார்த்தது ஆவடியில். காட்டோரத்தையும் தெரியும், இரும்பையும் தெரியும் என்பதால் இதைச் சொல்லத் துணிகிறேன்.

ரைஃபிள் என்றால் குழலின் உள்சுவரில் சுருள்சுருளாகக் காடி வெட்டிய துப்பாக்கி. குண்டு அந்தக் காடியில் சிக்கிச் சுழன்றுகொண்டே வெளியேறும். சுழல்வதால் தலைகுப்புறக் கவிழாமல் நேராகப் போகும். எங்கள் அர்ஜுன் டாங்கின் 120 மில்லிமீட்டர் பீரங்கிக் குழலில் இந்தக் காடி உண்டு. அஜேயா டாங்கின் 125 மில்லிமீட்டர் குழல் வழவழவென்றிருக்கும். இரண்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தவனுக்கு வித்தியாசத்தைப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை.

கரிமருந்துக் காலத்தில் குண்டின் வேகத்தைக் கூட்ட வழியில்லை. எடையைத்தான் கூட்டினார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை பிடிக்கலாம் என்பதே அளவு. பன்னிரண்டு பிடித்தால் பன்னிரண்டு போர். நாலே நாலு பிடித்தால் நாலு போர். ஒரு குண்டு 113 கிராம். 1840-களில் இலங்கை மலைகளில் சாமுவேல் பேக்கர் யானை சுட்டது இப்படிப்பட்ட துப்பாக்கிகளால்தான். அதே காலத்தில் அங்கே இருந்த மேஜர் ராஜர்ஸ் 1,400 யானைக்கு மேல் கொன்றதாகச் சொல்வார்கள். 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

1890-களில் புகையில்லா மருந்து பரவியது. குண்டு மெலிந்தது, வேகம் எகிறியது. சண்டையும் அங்கேதான் ஆரம்பம். டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றில் பெரும்பாலானவை வெறும் ஏழு மில்லிமீட்டர், அதாவது .275 தோட்டாவுக்கு விழுந்தவை. செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மூளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படித்தவர் அவர். நீண்டு மெலிந்த, முழு உலோக உறை போட்ட குண்டு எலும்பைத் துளைத்து நேராக உள்ளே போகும். அதற்கு மேல் பருமன் எதற்கு என்பது அவர் வாதம். ஜான் டெய்லர் 1948-இல் எழுதிய புத்தகத்தில் எதிர்வாதம் வைத்தார். குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி ஒரு மதிப்பெண் போட்டார். மூளை தப்பிப்போனாலும் யானையைக் கொஞ்ச நேரமாவது மயங்கி நிற்க வைப்பது பெரிய குண்டுதான் என்றார். அமெரிக்காவில் ஜாக் ஓ'கானர் .270-க்கும், எல்மர் கீத் கனத்த குண்டுக்கும் கொடி பிடித்து ஆயுள் முழுக்க எழுதினார்கள்.

என் கட்சியைக் கேட்டால் பெல் பக்கம் பாதி, டெய்லர் பக்கம் பாதி. பெல் குறி தவறாதவர், யானையின் உடற்கூறைக் கரைத்துக் குடித்தவர். அவர் கையில் சின்னத் தோட்டா போதும். அந்தக் கை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆனால் எந்தத் தோட்டா ஊரெல்லாம் பரவும் என்பதை இவர்கள் யாரும் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தது சர்க்கார்.

வெள்ளைக்கார அரசுக்கு ஒரு பயம். பட்டாளத்துத் தோட்டா திருட்டுப்போய்க் கலகக்காரர் கைக்குப் போனால்? ராணுவத்துக்கு .303 என்றால் பொதுமக்களுக்கு .303 கிடையாது. அதனால் கம்பெனிகள் ஆஸ்திரியாவின் பழைய எட்டு மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவை எடுத்து, பட்டாளத்து ரைஃபிள் போலவே இருக்கும் துப்பாக்கியில் பொருத்தி விற்றன. அதுதான் .315. வெள்ளைக்காரன் போனான், தடை போகவில்லை. .303 இன்றைக்கும் நமக்குத் தடை செய்யப்பட்ட ரகம். புலியோ மானோ கேட்டு வந்த தோட்டா இல்லை இது. சட்டம் விட்டுவைத்த சந்தில் முளைத்தது. சர்க்கார் ஃபேக்டரி அதையே செய்துகொண்டிருந்ததால் வேரும் பிடித்துவிட்டது.

இதைவிடப் பெரிய வேடிக்கை .450-க்கு நடந்தது. யானைக்கும் காட்டெருமைக்கும் அந்தக் காலத்தில் பேர்போன அளவு அது. பழைய மார்ட்டினி-ஹென்றி பட்டாளத் துப்பாக்கிக்கும் அதே விட்டம். எனவே 1907-ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் .450-க்குத் தடை வந்தது. லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஒரு மயிரிழை கூட்டி .465, .470, .475, .476 என்று வரிசையாக இறக்கின. 32 கிராம் குண்டு போடும் .470 ஆப்பிரிக்காவில் இரட்டைக் குழல் ரைஃபிளுக்கு இன்றும் மிகப் பிரபலம். அங்கே வேட்டைக்காரர் பெருமையாகத் தோளில் மாட்டும் துப்பாக்கியின் அளவை நிர்ணயித்தது இந்தியாவுக்காகப் போட்ட ஓர் உத்தரவு!

எங்கள் பக்கத்துக் காட்டில் கென்னத் ஆண்டர்சனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பெங்களூர்க்காரர், வேட்டைக் கதைகள் எழுதியவர், 1974-இல் இறந்தார். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று நடந்தே அளந்தவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 1904-இல் வந்த அமெரிக்கத் தோட்டா, 19 கிராம் குண்டு. கீழே இருக்கும் பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்கு அதைத்தான் கொண்டுபோனார். வடக்கே ஜிம் கார்பெட், ருத்ரபிரயாக் சிறுத்தையை 1926-இல் .275 ரிக்பி ரைஃபிளால் சுட்டார்.

இவர்கள் இருவர் எழுத்திலும் நான் கவனிப்பது தோட்டாவை இல்லை, காயத்தை. 1907-இல் கார்பெட் கொன்ற சம்பாவத் பெண்புலி 436 பேரைத் தின்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு எவனோ சுட்ட குண்டின் வேலை. இரையைக் கவ்வ முடியாத புலி மனிதனிடம் வந்தது. ஆண்டர்சனும் இதையே திரும்பத் திரும்ப எழுதினார்: அரைகுறையாகச் சுட்டு ஓடவிட்ட மிருகம் ஊரைப் பழிவாங்கும்.

அஞ்செட்டியில் என் தாய்மாமனிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கரிமருந்தைக் கெட்டித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போட்டு அடிப்பார். காட்டுப்பன்றிக்குத்தான். "சுடறது பெருசில்ல மாப்ளே. ரத்தம் சிந்திட்டுப் போனதைத் தேடிப்போறவன்தான் ஆம்பளை" என்பார். பால்ரஸ் பட்ட பன்றி உடனே சாகாது. தோலுக்கடியில் நாலைந்து குண்டோடு ஓடி, எங்கோ ஓடைக்குள் புழுத்துச் சாகும். சுடத் தெரிந்தவர்கள் சாஃப்ட் நோஸ் என்பார்கள். நுனி ஈயம் வெளியே தெரியும் குண்டு, உடம்புக்குள் போனதும் விரிந்து சீக்கிரம் கொல்லும். உறை முழுதாக மூடிய குண்டோ மறுபக்கம் போய்விடும். யானை மண்டைக்கு அது வேண்டும், பன்றிக்கு அது கொடுமை. .315-இல் இரண்டு வகையும் உண்டு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடியது. அதை நான் மனதார வரவேற்பவன். 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, தமிழ்நாட்டில் காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு வெளியே வரும் காட்டுப்பன்றியை, பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நிலக்கடலை போட்ட எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஆறுதல்தான். ஏரிக்கரைக் கூட்டத்தில் உடனே, எந்தத் துப்பாக்கி தருவார்கள், .315 போதுமா என்று விவாதம் கிளம்பிவிட்டது. பன்றிக்கு அது தாராளம். நான் கேட்பது வேறு. சுட்டதை எழுதும் பதிவேட்டில் இன்னொரு பத்தி இருக்கட்டும்: அடிபட்டும் அகப்படாமல் போனவை எத்தனை, அவற்றைத் தேடி எத்தனை மணி நேரம் காட்டுக்குள் போனார்கள் என்று. அந்தப் பத்தியை மாதாமாதம் கிராமப் பஞ்சாயத்தில் ஒட்டட்டும்.