தலைமடையும் கடைமடையும்

தலைமடையில் நிலம் உடையவருக்குக் கடைமடைக்காரரின் தயவு எதற்கு? நீர் முதலில் அவர் வயலுக்கன்றோ வந்து சேர்கிறது? இவ்வினாவுக்குக் கணிப்பொறி ஒன்று அளித்த விடையை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவில் நெல் பயிரிடுவோர் ‘சுபக்’ என்னும் பாசனச் சங்கங்களாகப் பல நூற்றாண்டுகளாக இயங்கி வருகின்றனர். ஒரே நீர்வழியைச் சார்ந்த சுபக்குகள் நீர்க்கோயில்களில் கூடி, நடவு செய்யும் காலத்தையும் நிலத்தைத் தரிசாக விடும் காலத்தையும் ஒருமித்து முடிவு செய்யும். 1970-களில் பசுமைப் புரட்சி அங்கே பரவியது. கோயில் முறைக்குக் காத்திராமல் இயன்றபோதெல்லாம் நடுமாறு அரசாங்கம் ஊக்குவித்தது. ஒரு வயலில் அறுவடை நடக்க, அடுத்த வயலில் இளம்பயிர் நின்றது. பூச்சிகளுக்கு ஆண்டு முழுவதும் உணவு கிடைத்தது. பூச்சித் தொல்லையும் நீர்ப் பற்றாக்குறையும் ஒருங்கே வந்தன.

மானிடவியல் அறிஞர் ஸ்டீபன் லான்ஸிங்கும் சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமரும் இதனை ஆராய்ந்தனர். ஓஸ், பெட்டானு என்னும் இரு நதிகளைச் சார்ந்த 172 சுபக்குகளை அவர்கள் கணிப்பொறியினுள் அமைத்தனர். மழை, நீரோட்டம், நெல்லின் வளர்ச்சி, பூச்சிப் பெருக்கம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தனர். அனைவருக்கும் கட்டளையிடும் அதிகாரி எவரையும் அதில் வைக்கவில்லை. ஒவ்வொரு சுபக்குக்கும் விதி ஒன்றே: ஆண்டு முடிவில் அண்டைச் சுபக்குகளின் மகசூலை ஒப்பிட்டு, மிகுதியாக விளைந்ததன் பயிர்முறையை மறு ஆண்டு பின்பற்ற வேண்டும்.

தொடக்கத்தில் ஆளுக்கொரு முறையாக இருந்தது. கணக்கில் சில ஆண்டுகள் ஓடியதும், சுபக்குகள் குழுக்களாகச் சேர்ந்து ஒரே காலத்தில் நடத் தொடங்கின. மகசூலும் உயர்ந்தது. அக்குழுக்களின் அமைப்போ, உண்மையான நீர்க்கோயில்களின் அமைப்பைப் பெரிதும் ஒத்திருந்தது. இவ்வாராய்ச்சி 1993-இல் வெளியாயிற்று.

காரணம் யாதெனில், அனைவரும் ஒரே காலத்தில் நட்டால் பூச்சி மடியும். ஆனால் நீர் போதாது. தனித்தனியே நட்டால் நீர் போதும். ஆனால் பூச்சி பெருகும். இவ்விரண்டுக்கும் நடுவே பொருத்தமான அளவில் குழுக்கள் அமைந்தன. தலைமடைக்காரர் நீரைப் பகிர்ந்தால் கடைமடைக்காரரும் உடன் நட்டு உடன் அறுப்பார். தரிசுக் காலத்தில் பூச்சி உணவின்றி அழியும். பகிராவிடில், கடைமடையில் பெருகும் பூச்சி தலைமடையையும் வந்து தாக்கும். ஆகவே நீரைப் பகிர்தல் தானமன்று. தம் பயிருக்குத் தாமே இடும் வேலியாகும்.

கணிப்பொறி ஆரூடம் சொல்லும் கருவியன்று. பலர் எடுக்கும் சிறு முடிவுகள் ஒன்றுகூடி எத்தகைய பெரும் பயனாக விளையும் என்பதைக் காட்டும் கண்ணாடி அது. ஒருவருடைய வரவுசெலவை மட்டும் எழுதும் பேரேட்டில் இப்பயன் தெரிவதில்லை.

2012-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் பாலியின் சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வயலாயினும் தறியாயினும், அண்டையாரின் நஷ்டம் நம் வாயிலுக்கும் வரும் என்பதை உணர்ந்தவரே கூட்டுறவின் பொருளை உணர்ந்தவராவர்.