வேர்க்‌ஷொப்பில் ரோபோ இல்லை, பைப்தான் இருந்தது

இந்தக் கிழமை எபிசோட்டில் நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

என்ர அக்காவின் மகன் கிரேட் 10. பள்ளிக்கூடத்தால ஒரு என்ஜினியரிங் கொம்பனியின் ஒருநாள் வேர்க்‌ஷொப்புக்குப் போயிட்டு வந்து சொன்னான்: "மாமா, ஒரு ரோபோவும் இல்லை. மழைத்தண்ணி எந்தப் பைப்பால ஓடும் எண்டு மூண்டு மணித்தியாலம் கதைச்சவை." அக்காவுக்குக் கவலை. எனக்குச் சந்தோஷம். அவன் பார்த்ததுதான் உண்மையான வேலை. வயல் இருந்த இடத்தில் புது வீடுகள் கட்டினால், முன்னர் மண் உறிஞ்சின தண்ணி கூரையிலும் ரோட்டிலும் விழுந்து ஒரேயடியாக ஓடும். அதைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விட வேணும். மார்க்கம் பக்கம் வீடுகளுக்கு நடுவில் இருக்கிற பல குளங்கள் வாத்துகளுக்காக வெட்டினவை இல்லை. ஒரு சிவில் என்ஜினியரின் கணக்கு அது.

இதை ஏன் இவ்வளவு இளவயதில் பார்க்க வேணும்? ஒன்ராறியோவில் என்ஜினியரிங் படிக்கிறதெண்டால் பொதுவாகக் கிரேட் 12இல் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டும் கேட்பார்கள். அதுக்குக் கிரேட் 11 பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எடுத்திருக்க வேணும். ஆகவே முடிவு உண்மையில் கிரேட் 10இலேயே வந்துவிடுகிறது. வாட்டர்லூவில் விண்ணப்பிக்கும்போதே எந்தத் துறை எண்டு சொல்ல வேணும். மக்மாஸ்டரில் முதல் வருஷத்தைப் பொதுவாகப் படித்துவிட்டுப் பிரியலாம், ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு வழி இருக்கு. தெரியாமல் இருக்கிற பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம்.

இன்னொன்று. நான் கொம்பியூட்டர் சயன்ஸ் படித்தவன். பெரியம்மா எல்லாருக்கும் என்னை "என்ஜினியர்" எண்டுதான் அறிமுகப்படுத்துவா. ஒன்ராறியோ சட்டப்படி நான் என்ஜினியர் இல்லை! இங்கே அந்தப் பட்டம் லைசென்ஸ் உள்ளவர்களுக்குத்தான். டிகிரிக்கு மேலே 48 மாத வேலை அனுபவமும் சட்டம், நெறிமுறை பற்றிய பரீட்சையும் வேணும். வெறும் கௌரவத்துக்காக இல்லை. 1907இல் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து 75 தொழிலாளர்கள் செத்தார்கள். பாலத்தின் சொந்தப் பாரத்தையே குறைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். வரைபடத்தில் ஒருவர் தன் முத்திரையைக் குத்தினால், பிழைச்சால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். என்ர கோட் பிழைச்சால் அடுத்தநாள் திருத்தி அனுப்பிப்போட்டு கோப்பி குடிக்கப் போகலாம். இந்த இரண்டில் எது உங்கட குணத்துக்குச் சரிவரும் எண்டு பார்க்கத்தான் வேர்க்‌ஷொப்.

அங்கே ஸ்லைட் காட்டுறவரை விட, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷமான ஆளைப் பிடியுங்கோ, சாப்பாட்டு நேரம் நல்லது. "உங்கட வேலை பிடிக்குமா?" எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். "நேற்று முழுக்க என்ன செய்தனீங்கள்?" எண்டு கேளுங்கோ. "கடைசியா என்ன பிழைச்சது, ஆர் கண்டுபிடிச்சது?" எண்டும் கேளுங்கோ. வெட்கமா இருந்தால் முதல் கேள்வி மட்டும் போதும்.

மருமகன் பிசிக்ஸ் எடுத்திட்டான். கெமிஸ்ட்ரிக்கு இன்னும் அம்மாவோட பேச்சுவார்த்தை நடக்குது.