திட்ட மேலாண்மைச் சான்றிதழ் – தகுதியும் தேர்வும்

உழைப்பும் ஊக்கமும் இருந்தும் பல பணிகள் உரிய காலத்தில் நிறைவெய்துவதில்லை. நிதி இடையில் தீர்ந்துபோவதும், தொடங்கிய கட்டடம் பாதியில் நிற்பதும் நாம் காண்பனவே. இக்குறைகளைக் களையும் நெறிகளை வகுத்துரைப்பது திட்ட மேலாண்மை. அத்துறையில் உலகளவில் மதிக்கப்பெறுவது பி.எம்.பி. என்னும் சான்றிதழ். வளைகுடா நாடுகளில் பணி நாடும் இளைஞரும் அவர்தம் பெற்றோரும் இதனைக் குறித்து வினவி வருதலின், இதன் இயல்பினை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

திட்டம் யாது?

தொடக்கமும் முடிவும் உடையதாய், தனித்ததொரு பயனை விளைவிக்கும் முயற்சியே திட்டம். நூலகத்தை நாள்தோறும் நடத்துவது வழமைப் பணி. நூலகக் கட்டடத்தை எழுப்புவது திட்டம்.

ஒரு மலர் வெளியீட்டையே எடுத்துக்கொள்வோம். கட்டுரை திரட்ட 30 நாள், விளம்பரம் திரட்ட 20 நாள், அச்சுக்கோக்க 10 நாள், அச்சிட 12 நாள் எனக் கொள்வோம். கட்டுரையும் விளம்பரமும் ஒருங்கே திரட்டப்படுவதால் மொத்தம் 52 நாளே தேவை. விளம்பரம் 10 நாள் தாழ்ந்தாலும் விழா தவறாது. கட்டுரை ஒரு நாள் தாழ்ந்தால் விழாவும் ஒரு நாள் தள்ளிப்போகும். எப்பணியில் காலத்தாழ்வு கூடாது எனக் காட்டும் இக்கணக்கே 'முக்கியப் பாதை' முறை எனப்படும். 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் இம்முறை உருப்பெற்றது.

தகுதி

அமெரிக்காவில் 1969இல் தோன்றிய பி.எம்.ஐ. என்னும் திட்ட மேலாண்மை நிறுவனம் 1984 முதல் இச்சான்றிதழை வழங்கி வருகிறது. பட்டம் பெற்றோர் 36 மாதமேனும், பள்ளிக் கல்வி மட்டும் பெற்றோர் 60 மாதமேனும் திட்டங்களை முன்னின்று நடத்தியிருத்தல் வேண்டும். அத்துடன் 35 மணிநேரப் பயிற்சியும் தேவை.

பட்டம் பெற்ற மறுநாளே பெறத்தக்கதன்று இது என்பதைப் பெற்றோர் உணர்தல் நலம். கல்லூரி விட்டதும் பெருந்தொகை செலுத்திப் பயிற்சி நிலையத்தில் சேர்வதால் மட்டும் பயனில்லை. அனுபவத்தைப் புனைந்தெழுதிவிடலாம் என்று அறிவுரை கூறுவாரும் உளர், அது பெருந்தீங்கு. விண்ணப்பங்களுள் சிலவற்றை நிறுவனம் தெரிந்தெடுத்து, மேலலுவலரின் ஒப்பத்துடன் சான்று கேட்கும். மேலும் பொறுப்பு, மதிப்பு, நடுவுநிலை, நேர்மை என்னும் நான்கினையும் அறநெறியாக ஏற்றே விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. பொய்யுரைத்துப் பெறும் நேர்மைச் சான்று எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தேர்வு

2021 ஜனவரியில் அறிமுகமான தேர்வு வடிவில் 180 வினாக்களும் 230 நிமிடமும் அமைந்தன. மாந்தர், செயல்முறை, வணிகச் சூழல் என்பன அதன் முப்பிரிவுகள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுதலின் விண்ணப்பிக்கும் காலத்துக் கையேட்டைக் காண்பது இன்றியமையாதது.

மனப்பாடம் இங்கு மிகுதியும் உதவாது. "பணி நடுவில் வாடிக்கையாளர் மாற்றமொன்றை வாய்மொழியாகக் கேட்கிறார்; மேலாளர் முதலில் செய்வது யாது?" என்பது போன்று வினாக்கள் அமையும். உடனே இசைவதும் பிழை. உடனே மறுப்பதும் பிழை. அம்மாற்றத்தால் காலமும் செலவும் எவ்வாறு வேறுபடும் என ஆராய்ந்து, உரிய ஒப்புதலுக்கு வைப்பதே முறை.

தேர்ச்சியுடன் கடமை முடிவதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 தொழில் மேம்பாட்டு அலகுகளை ஈட்டினால்தான் சான்றிதழ் நிலைபெறும்.

மாணவர் செய்யத்தக்கன

அனுபவம் கோராத சி.ஏ.பி.எம். என்னும் தொடக்கநிலைச் சான்றிதழை அதே நிறுவனம் வழங்குகிறது. அதற்கு 23 மணிநேரப் பயிற்சி போதும். அதனைப் பெற்றவர்க்குப் பின்னர் பி.எம்.பி.க்குரிய 35 மணிநேரப் பயிற்சி வேண்டுவதில்லை. பணியில் அமர்ந்த நாள்தொட்டே, தாம் நடத்திய திட்டம், அதன் காலம், தம் பொறுப்பு, மேலலுவலர் ஆகியவற்றை ஏட்டில் குறித்து வருதல் நன்று. ஆண்டுகள் கழிந்தபின் நினைவிலிருந்து திரட்டுவது அரிது.

திருக்குறளில் 'வினைசெயல்வகை' எனத் தனி அதிகாரமே உண்டு. செயலை முறையறிந்து முடிப்பதன் அருமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அத்திறனைப் பணியால் ஈட்டிப் பின் சான்றிதழால் மெய்ப்பிப்பதே நேரிய வரிசை. அவ்வழியில் நம் மாணவர் முன்னேற வாழ்த்துகிறோம்.