சபையும் சமையற்காரியும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகராகிய மாண்ட்கமரியில், சட்டமன்ற மாளிகைக்கு அண்மையில், டெக்ஸ்டர் சாலைப் பாப்டிஸ்ட் தேவாலயம் நிற்கின்றது. கறுப்பின மக்களுடைய அச்சபையில் கற்றோரும் ஆசிரியர்களும் மிகுதி. 1954இல் அங்குப் போதகராக வந்த மார்ட்டின் லூதர் கிங், சபையார் ஒவ்வொருவரும் வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டுமென வற்புறுத்தினார்.

1955 டிசம்பர் 1ஆம் நாள், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைதானார். மறுநாள் மாலை இத்தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடிய தலைவர்கள் பஸ் புறக்கணிப்புக்குத் திட்டம் வகுத்தனர்.

சொந்தக் கார் வைத்திருந்தோர்க்குப் பஸ் ஏறாமையால் இழப்பு என்ன? பிறர் வீட்டில் சமைத்தும் துணி வெளுத்தும் பிழைத்த பெண்களன்றோ பஸ்ஸை நம்பியிருந்தவர்கள்! அவர்களுள் பலர் பல மைல் நடந்தே வேலைக்குச் சென்றனர். கார் உடையோர் இயன்றவரை அவர்களை ஏற்றிச் சென்றனர். அது போதாமையால், நன்கொடைப் பணத்தில் வண்டிகள் வாங்கித் தேவாலயங்களின் பெயரில் பதிவு செய்தனர். ‘உருளும் தேவாலயங்கள்’ என்று மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டனராம்! காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. 1956 ஜனவரி 30இல் போதகர் இல்லத்தின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. ஆயினும் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. உச்ச நீதிமன்ற ஆணை நகரை எட்டிய மறுநாள், டிசம்பர் 21 அன்று, கறுப்பினத்தார் பஸ்ஸில் விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர்.